கார்த்திகை மாதத்துக் கருப்புகள்

சண்முகசுந்தரம் கருப்புச் சட்டைக்காரர். மருதாசலம் சபரிமலைக்கு மாலை போட்டவர். நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரே கட்டடத்தை நடுவில் சுவர் வைத்துப் பிரித்த இரண்டு வீடுகளில் இருவரும் குடியிருந்தார்கள். பின்பக்கம் துணி காயப்போடும் கம்பி மட்டும் பொது. எழுபத்தொன்பதாம் வருஷம் கார்த்திகையில் அந்தக் கம்பியில் காய்ந்தது பெரும்பாலும் கருப்பாகவே இருந்தது.

சண்முகசுந்தரம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அனல்மின் நிலையத்தில் வெல்டர். கடவுள் இல்லை என்பதைப் பதினெட்டு வயதிலேயே முடிவு செய்துவிட்டு, அதற்குப் பிறகு அதைப் பற்றி யோசிக்க வேண்டிய வேலையே இல்லாமல் நிம்மதியாக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளிலும் கூட்ட நாட்களிலும் கருப்புச் சட்டை போடுவார். பாதி நரைத்த தாடி. இயக்கத் தோழர்கள் சில பேர், முருகன் பேரை வைத்துக்கொண்டு எப்படி மேடை ஏறுவது என்று அவரிடம் கேட்டதுண்டு. "பேரு வச்சது எங்கப்பா. என்னைக் கேட்டா வச்சாரு?" என்பார்.

மருதாசலம் பொள்ளாச்சிப் பக்கம். சுரங்கத்து ஸ்டோர்ஸில் கிளார்க். நல்ல மனிதர், ஆனால் கோபக்காரர். பால்காரர், பேப்பர்காரர், சைக்கிளுக்குக் காற்றடிப்பவர் என்று யாரையும் விட்டுவைக்காமல் கோபப்படுவார். முந்தின வருஷம் அவருக்கு மஞ்சள் காமாலை வந்து கண்ணெல்லாம் எலுமிச்சம்பழமாகிப் போனபோது, அவர் பிழைத்தால் மலைக்கு அனுப்புவதாக மனைவி கமலா வேண்டிக்கொண்டாள். பிழைத்தார். மாலை போட்டார். விரதம் முடியும்வரை கோபப்படக் கூடாது என்று குருசாமி சொல்லிவிட்டார். கமலாவுக்கு வேலை இரண்டு மடங்கானது. விடியும் முன்னே குளியல், தனிப் பாத்திரம், வெங்காயம் இல்லாத சமையல். இருந்தாலும் கல்யாணமான நாளிலிருந்து வீடு இவ்வளவு அமைதியாக இருந்து அவள் பார்த்ததில்லை. வெங்காயம் தின்ன ஆசை வந்தால் சுவரைத் தாண்டி நாகம்மாள் வீட்டுக்குப் போய்விடுவாள். சண்முகசுந்தரத்தின் மனைவி நாகம்மாள் அவளுக்கு வெங்காய வடை கொடுப்பாள். கமலா முந்தானையில் முடிந்து கொண்டுவரும் விபூதியை வாங்கி அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துக்கொள்வாள். இந்தப் போக்குவரத்து இரண்டு ஆண்களுக்கும் தெரியும். தெரிந்ததாக யாரும் காட்டிக்கொள்ளவில்லை.

மாலை போட்டவர் பார்க்கிறவரையெல்லாம் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். முதல்நாள் காலையிலேயே பின்வாசலில் சிக்கல் வந்தது.

"வணக்கமுங்க சாமி" என்றார் மருதாசலம்.

"என்ன வே, என்னையப் போயி சாமிங்கீரு?"

"விரதத்துல எல்லாருமே சாமிதானுங்க சாமி."

"எல்லாரும் இருந்துட்டுப் போகட்டும். நான் இல்ல."

"சரிங்க சாமி."

சண்முகசுந்தரம் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனார்.

அந்த மாதம் இருவருக்கும் கருப்புத் துணி தேவைப்பட்டது. முதல் தடவை மலைக்குப் போகிறவர் கருப்புதான் உடுத்த வேண்டும் என்பது குருசாமியின் கண்டிப்பு. சண்முகசுந்தரத்துக்குக் கடலூரில் ஊர்வலம். நெய்வேலித் தோழர்களுக்கு முன்னால் கொடி பிடித்துப் போகும் பொறுப்பை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். பழைய சட்டை துவைத்துத் துவைத்து எலியின் நிறத்துக்கு வந்திருந்தது. தீபாவளி முடிந்த கையோடு ஜவுளிக்கடைகளில் கருப்பைக் கேட்டால், அபசகுனம் பேசுகிறவரைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். ஆகவே இருவரும் வெள்ளைத் துணி எடுத்துத் தைத்து, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல், பாவாடையிடம் சாயம் போடக் கொடுத்தார்கள்.

வீட்டில் இதைச் சொன்னபோது நாகம்மாள் குழம்பினாள். "சட்டைய எதுக்குப் பாவாடைகிட்ட கொடுக்கணும்?"

"ஆள் பேரு பாவாடை. இந்தப் பக்கத்துல ஆம்பளைக்கு வைக்கிற பேரு."

பாவாடை மந்தாரக்குப்பம் போகிற சாலையில் ஒரு கொட்டகை போட்டிருந்தார். முன்பு சுரங்கத்தில் கான்ட்ராக்டில் மண் அள்ளினார். பர்மனென்ட் ஆகிவிடும், ஆகிவிடும் என்று இருந்து, ஆகாமல், நெல்லிக்குப்பத்தில் ஒரு சாயப்பட்டறைக்குப் போய்த் தொழில் கற்றுக்கொண்டு திரும்பியவர். தார் பீப்பாய் ஒன்றைப் பாதியாக வெட்டி அடுப்பில் ஏற்றியிருந்தார். அவர் போடும் சிவப்பு நன்றாக இருக்கும். மஞ்சளும் பச்சையும்கூடப் பரவாயில்லை. ஆனால் கார்த்திகை பிறந்தால் கருப்புக்குத்தான் கூட்டம்.

சண்முகசுந்தரம் துணியைக் கொடுத்தபோது பாவாடை, "என்னா கருப்பு சார் வேணும்?" என்று கேட்டார்.

"கருப்புல என்ன, கருப்புதான்."

"அப்படி இல்லீங்க சார். எருமைக் கருப்பு இருக்குது, வெயில்ல பாத்தா கொஞ்சம் சாம்பலடிக்கும். நாவப்பழக் கருப்பு இருக்குது, பொம்பளைங்க கேட்டு வாங்கிகினு போறாங்க. சட்டியடிக் கருப்புன்னு ஒண்ணு, பளபளப்பு இருக்காது, ஆனா ஆழம். அப்பறம் அமாவாசைக் கருப்பு..."

"அமாவாசை, பௌர்ணமி எல்லாம் எனக்கு வேண்டாம்."

"அப்ப தார்க் கருப்பு போட்டுர்றேன். ரோடு போட்ட அன்னிக்கு இருக்குமே, அது."

சண்முகசுந்தரத்துக்கு அது பிடித்துப்போனது. புதுச் சாலை என்பதில் ஒரு முன்னேற்றக் கருத்து இருப்பதாக அவருக்குப் பட்டது.

மருதாசலம் போனபோது பாவாடை அவருக்குக் காக்காய்க் கருப்பைச் சொன்னார். கழுத்துக்கிட்ட நீலம் மின்னும் என்றார்.

"காக்காய் சனீஸ்வரனுக்குங்க சாமி. நமக்கு வேண்டாமுங்க."

தன்னை ஒருவர் சாமி என்று கூப்பிடுவது பாவாடைக்குக் கார்த்திகையில் மட்டும்தான் நடக்கும். அவர் இடுப்புத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு யோசித்தார். "அப்ப மைக் கருப்பு போட்டுக்கலாம். அம்மனுக்குக் கண்ணுல எழுதுறாங்களே, அந்த மை."

மருதாசலம் வேட்டி, சட்டை, துண்டு மூன்றையும் கண்ணில் ஒற்றிக் கொடுத்தார்.

துணிகள் வந்தன. இரண்டுமே பார்க்க நன்றாகத்தான் இருந்தன. நாகம்மாள் மட்டும் சட்டையை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உள்ளுக்குள்ள செவப்பு தெரியுத மாதிரி இருக்கே."

"கருப்புக்குள்ள எப்படிச் செவப்பு இருக்கும்? உனக்குக் கண்ணாடி போடணும்."

கடலூர் ஊர்வலத்தன்று காலையில் வானம் மூடிக்கொண்டிருந்தது. சண்முகசுந்தரம் புதுச் சட்டையும் வெள்ளை வேட்டியுமாகக் கொடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். வெளியூர்த் தோழர்களின் சட்டைகள் பல தினுசில் இருந்தன. ஒன்று வெளுத்திருந்தது, ஒன்று நீலத்தில் சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. தன் சட்டைக்குப் பக்கத்தில் அவையெல்லாம் நிற்க முடியாது என்று அவருக்குத் தெரிந்தது. நிமிர்ந்து நடந்தார். பாதி வழியில் மழை பிடித்தது. கடற்கரை மழை, சாய்த்து அடித்தது. யாரும் கலையவில்லை. கோஷம்தான் இன்னும் பலமாயிற்று.

முதலில் வேட்டியின் இடுப்புப் பக்கம் கருத்தது. பிறகு முழங்கால் வரை கருப்பு வரிவரியாக இறங்கியது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. சட்டையைப் பார்க்க அவருக்குத் தோன்றவும் இல்லை. பின்னால் வந்தவர்கள் கோஷத்தை நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை அவர் கவனிக்கவில்லை. ஊர்வலம் முடிகிற இடத்தில் மாவட்டச் செயலாளர் நின்று ஒவ்வொரு ஊராக வரவேற்றுக்கொண்டிருந்தார். சண்முகசுந்தரத்தைப் பார்த்ததும் அவர் கை பாதியில் நின்றது.

"எந்த ஊர், தோழர்?"

"நெய்வேலிங்க தோழர்."

"சரி. ஊர்வலத்துக்குக் காவிச் சட்டையில வந்திருக்கீங்களே, ஏதாவது போராட்ட முறையா?"

சண்முகசுந்தரம் அப்போதுதான் குனிந்து பார்த்தார். கருப்பு முழுக்க வேட்டிக்குப் போய்விட்டது. சட்டையில் மிஞ்சியிருந்தது அசல் காவி. ஒரு மடத்துக்குள் அப்படியே போயிருந்தால் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள்.

ஒரு தோழர் துண்டு கொடுத்தார். அதைப் போர்த்திக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கூட்டத்தில் பேசியது எதுவும் காதில் விழவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது குளிருகிறதா என்று எல்லோரும் விசாரித்தார்கள். குளிருகிறது என்றார். வெட்கத்தைச் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

அதற்கு அடுத்த நாள் மருதாசலத்தின் முறை. குருசாமி தன் குழுவைத் திருவதிகைக் கோயிலுக்குக் கூட்டிப் போனார். கோயிலுக்குப் போகும் முன் கெடிலத்தில் எல்லோரும் இறங்கி முங்கினார்கள். மழைக்குப் பிறகு ஆற்றில் நல்ல தண்ணீர் ஓடியது. மருதாசலம் சரணம் சொல்லி மூன்று முழுக்குப் போட்டுவிட்டு எழுந்தார். பக்கத்தில் நின்றவர்கள் விலகிக்கொண்டார்கள். அவரைச் சுற்றித் தண்ணீர் மை கரைத்தது போல ஓடிக்கொண்டிருந்தது. படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் வெள்ளைத் துணிகளை அவசரமாக வெளியே எடுத்தார்கள்.

கரையேறியபோது அவர் உடம்பில் வேட்டி, சட்டை, துண்டு மூன்றும் இருந்தன. மூன்றும் பச்சை.

குருசாமி அவரை நெடுநேரம் பார்த்தார். "சாமி, நாம எங்க போறோம்?"

"சபரிமலைக்குங்க சாமி."

"பச்சை கட்டுறது பழனிக்கு."

"தெரியுமுங்க சாமி."

"உங்க பேருக்கும் முருகன்தான் பொருத்தம். ஆனா மாலை போட்டது இங்க. மலைக்குப் போறதுக்குள்ள கருப்பு வாங்கிடுங்க."

மருதாசலத்துக்குக் காது மடல் சூடேறியது. நெற்றி நரம்பு துடித்தது. வழக்கமாக இந்த இடத்தில் அவர் குரல் கெடிலத்தின் அக்கரையில் கேட்டிருக்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டு சரணம் சொன்னார். வழக்கத்தைவிடச் சத்தமாகச் சொன்னதால் குருசாமி அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்.

சாயங்காலம் பின்பக்கத்துக் கம்பியில் கமலா பச்சை வேட்டியைப் போட வந்தாள். அங்கே ஏற்கெனவே ஒரு காவிச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அப்படியே நின்றாள்.

"அக்கா, அண்ணன் சாமியாராப் போயிட்டாரா?"

நாகம்மாள் வெளியே வந்து பச்சை வேட்டியைப் பார்த்தாள். "உங்க வீட்டுல மலையை மாத்திட்டாவளா?"

இரண்டு பெண்களும் சிரிக்க ஆரம்பித்து, நிற்க முடியாமல் துவைக்கும் கல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். சத்தம் கேட்டு ஆண்கள் இருவரும் வெளியே வந்தார்கள். சண்முகசுந்தரம் பச்சையைப் பார்த்தார். மருதாசலம் காவியைப் பார்த்தார். ஒரு நிமிஷம் இருவர் முகத்திலும் தன் துக்கத்தைவிட அடுத்தவர் துக்கம் பெரிது என்ற சந்தோஷம் தெரிந்தது.

"பாவாடையா?" என்றார் சண்முகசுந்தரம்.

"பாவாடைதானுங்க சாமி" என்றார் மருதாசலம்.

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் இருவரும் சைக்கிளை எடுத்தார்கள். ஒரே இடத்துக்குச் சேர்ந்து அவர்கள் போனது அதுவே முதல் தடவை. சாலையோரத்து நீர்முள்ளிச் செடிகளைத் தாண்டும்போது மருதாசலம் மெதுவாகப் பேச்சைத் தொடங்கினார்.

"ஏனுங்க சாமி, ஒரு ஒத்தாசை பண்ணோணும்."

"என்னது?"

"எனக்குக் கோவம் வரக் கூடாதுங்க. ஆனா வருதுங்க. என்ற பங்குக்கும் சேத்து நீங்களே கோவப்பட்டுருங்க. வேட்டி ஒண்ணு, சட்டை ஒண்ணு, துண்டு ஒண்ணு."

சண்முகசுந்தரம் சைக்கிளை நிறுத்தாமலே யோசித்தார். பக்கத்து வீட்டுக்காரனின் கொள்கைக்கு உதவி செய்வது சரியா என்று ஒரு தயக்கம். ஆனால் கோபப்படுவதில் கடவுள் எங்கே வருகிறார்? "சரி" என்றார்.

பாவாடை துடுப்பால் பீப்பாயைக் கிளறிக்கொண்டிருந்தார். அவர் மனைவி வீராயி பக்கத்தில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். சண்முகசுந்தரம் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, காவிச் சட்டையை விரித்துக் காட்டி ஆரம்பித்தார். கடலூரில் பட்ட அவமானம், மாவட்டச் செயலாளர் கேட்ட கேள்வி, துண்டு போர்த்திய குளிர் எல்லாவற்றையும் சொன்னார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு பச்சை வேட்டியை எடுத்தார். ஆற்றுத் தண்ணீர் கெட்டதையும், ஒரு மனிதன் விரதம் இருப்பது எத்தனை சிரமம் என்பதையும், அவன் நம்பிக்கையில் பச்சைச் சாயத்தைக் கரைப்பது எத்தனை அநியாயம் என்பதையும் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். பேசுவது தான்தானா என்று அவருக்கே ஒரு கட்டத்தில் சந்தேகம் வந்தது. நிறுத்தினார்.

"துண்டை விட்டுட்டீங்க சாமி" என்றார் மருதாசலம் பின்னாலிருந்து பணிவாக.

சண்முகசுந்தரம் துண்டுக்கும் கோபப்பட்டார்.

பாவாடை அசரவில்லை. "வெந்நீர்ல துவைச்சிருப்பீங்க. நான் அன்னிக்கே சொன்னேன், ஆவாதுன்னு."

"துவைக்கவே இல்ல. மழையில நனைஞ்சது."

"சாமி மேல சத்தியமா சொல்லுங்க சார், வெந்நீர் படலைன்னு."

சண்முகசுந்தரம் தடுமாறினார். "மனசாட்சிப்படி சொல்லுதேன்."

"மனசாட்சி உள்ளார இருக்குது சார். அது எனக்குத் தெரியாதுங்க. சாமி மேல சொல்லுங்க, நம்புறேன்."

"சாமி மட்டும் வெளிய நிக்காராக்கும்? நீரு பாத்தீரா?"

பேச்சு வேறு பக்கம் திரும்புவதைப் பார்த்து மருதாசலம் முன்னால் வந்தார். "நான் பண்றனுங்க சத்தியம். ரெண்டு பேருக்கும் சேத்தே பண்றனுங்க."

"என் பேருல சத்தியமெல்லாம் பண்ணாதீரும்."

"உங்க பேருல இல்லீங்க சாமி. உங்க சட்டை பேருல." அவர் கழுத்து மாலையைத் தொட்டு, அந்தச் சட்டையில் வெந்நீர் படவில்லை என்று சத்தியம் செய்தார்.

மாலையைத் தொட்டதும் பாவாடை துடுப்பைக் கீழே வைத்துவிட்டார். முகம் மாறியது. வீராயிதான், "சொல்லேன்யா, எத்தினி நாளைக்கு மறைச்சிகினு இருப்ப" என்றாள்.

"எனக்குக் கருப்பு வராதுங்க சார்" என்றார் பாவாடை.

நெல்லிக்குப்பம் பட்டறையில் ஒவ்வொரு சாயமாகத்தான் சொல்லிக் கொடுப்பார்களாம். சிவப்பு, மஞ்சள், பச்சை, ஊதா என்று போய்க் கடைசியில் கருப்பு. கருப்பு வருவதற்குள் முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார். இங்கே வந்த பிறகு அன்றன்றைக்கு மிஞ்சிய சாயத்தையெல்லாம் ஒன்றாகக் கொட்டிக் கொதிக்கவைத்தார். எல்லாம் கலந்தால் கருப்பாகத்தானே வரும் என்பது அவர் கணக்கு. வரத்தான் செய்தது. ஆனால் எந்தச் சாயம் அதிகம் மிஞ்சியதோ, தண்ணீர் பட்டதும் அது வெளியே வந்துவிடும். சண்முகசுந்தரம் சட்டை கொடுத்த அன்று மிஞ்சியது சிவப்பும் மஞ்சளும். மருதாசலத்துக்குப் பச்சை.

"அப்புறம் எதுக்குங்க சாமி காக்காய், எருமை, நாவப்பழமுன்னு அத்தனை பேரு?" என்று கேட்டார் மருதாசலம்.

"பேரு மட்டும் மொதல்லயே சொல்லிக் குடுத்துட்டாங்க."

சண்முகசுந்தரத்துக்கு இன்னும் இரண்டு பங்குக் கோபம் பாக்கி இருந்தது. ஆனால் எதிரே நின்ற மனிதரின் முகத்தைப் பார்த்ததும் அதை எங்கே செலவழிப்பது என்று தெரியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"பண்ருட்டிக் கடையில அசல் கருப்பு பொட்டணம் விக்குது" என்றாள் வீராயி. "வாங்கு வாங்குன்னு நானும் சொல்லிகினுதான் இருக்கேன். என் கையில இல்லாத கருப்பான்னு கேக்குது இந்த ஆளு."

ஞாயிற்றுக்கிழமை சண்முகசுந்தரம் பண்ருட்டிக்குப் போய்ப் பொட்டணம் வாங்கி வந்தார். மருதாசலம் அடுப்புக்குக் கரிக்கட்டி கொண்டுவந்தார். என்ன நடக்கிறது என்று பார்க்க நாகம்மாளும் கமலாவும்கூட வந்துவிட்டார்கள். பீப்பாயில் தண்ணீர் கொதித்ததும் பொட்டணத்தைப் பிரித்துக் கொட்டினார்கள். பாவாடை ஒரு கை பச்சையை எடுத்து, "கொஞ்சம் சேத்தா ஆழம் குடுக்கும்" என்றார். சண்முகசுந்தரம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். பச்சையைத் திரும்ப டப்பாவில் போடும்வரை விடவில்லை.

துணிகள் பீப்பாய்க்குள் போயின. காவியும் பச்சையும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து அமிழ்ந்தன. பாவாடையின் பழைய துடுப்பை ஒரு பக்கம் சண்முகசுந்தரமும் எதிர்ப்பக்கம் மருதாசலமும் நின்று பிடித்துக் கிளறினார்கள். மருதாசலம் சரணம் சொல்லி அந்தத் தாளத்துக்கு இழுத்தார். சண்முகசுந்தரம் அந்தத் தாளத்துக்கு இழுக்க மறுத்து, தான் பழகிய கோஷத்தை முணுமுணுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் தள்ளினார். துடுப்பு நகராமல் நடுவில் நின்றது. சாயம் தெறித்து இருவர் மேலும் விழுந்தது.

"ரெண்டும் வாணாம்" என்று வீராயி சொன்னாள். "ஐலசா போடுங்க."

ஐலசாவுக்கு இருவரிடமும் ஆட்சேபணை இல்லை. துடுப்பு சுற்றத் தொடங்கியது.

தெறித்த சாயத்தில் சண்முகசுந்தரத்தின் வெள்ளை வேட்டி புள்ளி விழுந்து கெட்டுப்போயிருந்தது. பாவாடையிடம் ஒரு துண்டை வாங்கிக் கட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு, நாகம்மாள் அந்த வேட்டியையும் பீப்பாய்க்குள் போட்டாள். "இனி இது எதுக்கு ஆகும்? கருப்பாவே இருக்கட்டும்."

இந்தத் தடவை கருப்பு கருப்பாக வந்தது. வெயிலில் பிடித்தாலும் கருப்பு, நிழலில் பிடித்தாலும் கருப்பு. பாவாடை அதைத் தடவித் தடவிப் பார்த்தார். தண்ணீரைத் தெளித்தார். கசக்கினார். விரலை வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை.

"இதுக்கு என்னா பேரு வைக்கலாம்?" என்றார்.

"ஒண்ணும் வைக்காதீரும். கருப்புன்னு சொன்னாப் போதும்" என்றார் சண்முகசுந்தரம்.

அந்த வாரம் முழுக்க இருவருக்கும் முழங்கை வரை கருப்பாக இருந்தது. கேன்டீனில் சண்முகசுந்தரத்தை எந்தப் பூஜை என்றும், மருதாசலத்தை எந்தக் கட்சி என்றும் கேட்டார்கள்.

மார்கழியில் மருதாசலம் மலைக்குக் கிளம்பும் நாள் வந்தது. நெய்வேலியிலிருந்து பஸ்ஸில் விருத்தாசலம் போய், அங்கே குருசாமியின் குழு ரயில் ஏற வேண்டும். கமலாவுக்கு முதல்நாளிலிருந்து காய்ச்சல். பஸ் நிலையம் வரை மூட்டையைத் தூக்கி வர ஆள் இல்லை. நாகம்மாள் தன் கணவரைப் பார்த்தாள்.

"நான் போயி சாமிமாருக்கு மூட்டை தூக்கவா?"

"மூட்டைதானே. அதுக்குள்ள அரிசி, புளி, ஜமுக்காளம்தான் இருக்கு. இருமுடிய அவுக தலையிலதான் வச்சுக்கிடுவாவ."

சண்முகசுந்தரம் நைட் ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்தார். குளித்துவிட்டுத் தேடினால், மழையில் மற்ற துணி எதுவும் காயவில்லை. காய்ந்திருந்தது கருப்புச் சட்டையும் அந்தக் கருப்பு வேட்டியும்தான். உடுத்திக்கொண்டு மூட்டையைத் தோளில் போட்டார்.

பஸ் நிலையத்தில் நாற்பது ஐம்பது பேர் கருப்பில் நின்றார்கள். வழியனுப்ப வந்தவர்கள் வரிசையாகக் காலில் விழுந்துகொண்டிருந்தார்கள். சண்முகசுந்தரம் மூட்டையை இறக்குவதற்குள் ஒரு அம்மாள் அவர் காலைத் தொட்டுவிட்டாள். அவர் பின்னால் நகர்ந்தார். அங்கே இன்னொருவர் தொட்டார். தாடி, கருப்பு வேட்டி, கருப்புச் சட்டை, தோளில் மூட்டை. நடுவில் மாட்டிக்கொண்டார். பஸ் வந்ததும் குருசாமி எண்ணி எண்ணி உள்ளே தள்ளினார்.

"ஏறுங்க சாமி, ஏறுங்க."

"நான் வரலங்க, நான் வழியனுப்ப..."

"வழியில பேசிக்கலாம் சாமி." பின்னாலிருந்து முப்பது பேர் நெருக்கியதில் அவர் கால் தரையில் படாமலே பஸ்ஸுக்குள் போய்விட்டார். கதவு சாத்தியது. சரண கோஷத்தில் கண்டக்டருக்கு அவர் சொன்னது எதுவும் கேட்கவில்லை. உள்ளே நடுவில் நின்றிருந்த மருதாசலம் அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"வர்றீங்களாங்க சாமி?"

"வாயை மூடும். விருத்தாசலத்துல என்னைய இறக்கி விடும்."

வழி நெடுக அவர் சன்னலைப் பார்த்தபடி நின்றார். மருதாசலம் பக்கத்தில் நின்று, தெரியாத ஊரில் ரயில் மாறுவதைப் பற்றிப் பயந்தார். பனியில் காமாலை திரும்பி வந்துவிடுமோ என்றும் பயந்தார். அதுவரை அவர் யாரிடமும் பயத்தைச் சொன்னதில்லை. கோபமாகத்தான் காட்டியிருக்கிறார். சண்முகசுந்தரம், கொதித்து ஆறிய தண்ணீரைத் தவிர வேறு எதையும் குடிக்க வேண்டாம் என்றார். மதுரையில் எந்தப் பிளாட்பாரம் என்று சொன்னார். தன் ஊர்ப்பக்கம் போகிற ரயில் என்பதால் அது அவருக்குத் தெரியும். விருத்தாசலத்தில் மூட்டையை இறக்கிக் கொடுத்துவிட்டு, "பத்திரமாப் போயிட்டு வாரும். போயிச் சேந்ததும் வீட்டுக்கு ஒரு தந்தி கொடும். கமலா பயந்துக்கிடும்" என்றார்.

"சரிங்க சாமி" என்றார் மருதாசலம்.

சண்முகசுந்தரம் இந்தத் தடவை அதைத் திருத்தவில்லை. திருத்துவதற்குள் ரயிலுக்கு நேரமாகிவிடும்.

திரும்பும் பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. இரவு முழுக்க வெல்டிங் வெளிச்சத்தில் வேலை பார்த்த கண் எரிந்தது. கால் வலித்தது. கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தார். முன் சீட்டில் முந்திரிக்கொட்டை மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் அவரைத் திரும்பிப் பார்த்தாள். உடனே எழுந்துகொண்டாள்.

"நீங்க ஒக்காருங்க சாமி."

"வேண்டாம்மா. நான் சாமி இல்ல."

"சாமிங்க எல்லாம் அப்படித்தான் சொல்லுவாங்க. ஒக்காருங்க."

"அம்மா, நான் சொல்லுதது நெஜம். எனக்கு அதுல நம்பிக்கையே கெடையாது."

"எனக்கு இருக்குது சாமி. நான் அடுத்த ஸ்டாப்புல எறங்கிடுவேன்."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. சண்முகசுந்தரம் சுற்றிலும் பார்த்தார். தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. உட்கார்ந்தார். பஸ் அடுத்த திருப்பத்தைத் தாண்டும் முன் தூங்கிப்போனார். நெய்வேலி வந்ததும் கண்டக்டர் மரியாதையாகத் தோளைத் தொட்டு எழுப்பினார்.

வீட்டில் நாகம்மாள், "ஏன் இவ்வளவு நேரம்? காலு வலிக்குதா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றார். "பஸ்ஸுல உக்கார இடம் கெடைச்சுது."